தரங்கம்பாடி ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



மலையடிவாரத்தில் அமைந்த ஊரில், கடற்கரை நகர் ஒன்றைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழலாம். அவ்வினா நியாயமானதே. மேலே எலிவால் அருவியாக வீழும் நீர் மஞ்சளாறாக இறங்கி, இப்பகுதியின் வயல்களை நனைத்து, வையையில் சேர்கிறது. வையையோ பெரும்பாலான ஆண்டுகளில் கடலைக் காணாமலே இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. ஆறு சென்று சேராத இடத்துக்குச் சொல் சென்று சேரலாம் அன்றோ?

ஓர் ஊரை நோக்கி ஒருவரைக் கால்நடையாக வழிச்செலுத்துவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்துக்கொண்டவர்கள் தமிழர்கள். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. மலைபடுகடாம் மலைவழியின் இடர்களை எல்லாம் எச்சரித்துக் கூத்தரை அழைத்துச் செல்கிறது. சிறுபாணாற்றுப்படை கடற்கரை ஊராகிய எயிற்பட்டினத்தின் வழியே பாணனைச் செலுத்துகிறது. இவ்வகை நூல்களில் ஒரு நுட்பம் உண்டு. பரிசு தரும் மன்னனின் ஊருக்கு வழி சொல்லும் புலவர், இடையில் யார் சோறிடுவர், எந்தக் குடியிருப்பில் எவ்வகை உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கிறார். மன்னன் பெயரோடு எயினர், உழவர், பரதவர் ஆகியோரின் குடில்களும் பாட்டில் இடம்பெறுகின்றன. நகரம் ஒன்றைக் காணச் செல்வோர் கைக்கொள்ளவேண்டிய நெறி அதுவே எனலாம்.

அந்நெறிப்படி, சோழநாட்டுக் கடற்கரையில் பூம்புகாருக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே அமைந்துள்ள தரங்கம்பாடியை அரைநாளில் நடந்து காணும் வழி இங்கே சொல்லப்படுகிறது. அவ்வூரில், பெயர் கல்லில் பொறிக்கப்பட்டோரைக் காண்பது எளிது. பெயர் பொறிக்கப்படாதோரையும் கண்டு வருவதே தமிழ் கற்றவரின் கடமை. இவ்வுரையின் கருத்து அவ்வளவே.

பெயரும் வாயிலும்

விடியற்காலையில் நடையைத் தொடங்குவது நலம். கிழக்கு நோக்கிய ஊர் அது. உச்சிப் பொழுதுக்குள் மணலும் கல்லும் சுடத் தொடங்கிவிடும்.

நடப்பதற்கு முன் ஊரின் பெயரை நோக்கவேண்டும். ‘அலைகள் பாடும் இடம்’ என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவது வழக்கமாகிவிட்டது. கேட்க இனிமையாக இருப்பினும் இப்பொருள் பொருந்துவதன்று. தரங்கம் அலையே, ஆனால் பாடி என்பது ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நின்று குடியிருப்பைச் சுட்டும் சொல். ஆயர்பாடி, வாணியம்பாடி முதலியவற்றில் யாரும் பாடுவதில்லை. மேலும், கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், இவ்வூரைச் சடங்கன்பாடி என்றே குறிக்கிறது. ‘தரங்கம்’ பின்னர் வந்தது. ‘பாடி’ தொடக்கம் முதல் இருப்பது. அலை அழகாக இருக்கிறது என்பதற்காகக் குடியிருந்தவர்களை மறந்துவிடக் கூடாது என்பதற்கு ஊர்ப்பெயரே சான்றாகிறது.

பேருந்துச் சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் வெண்ணிற வாயில் ஒன்று எதிர்ப்படும். டேனியர் கட்டிய பழைய நகர்மதிலின் வாயில் அது. இன்று காணப்படும் வடிவம் 1792இல் எழுந்தது. மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. எதனைக் காக்க வாயில் எழுந்ததோ அது இல்லை. வாயில் மட்டும் நிற்கிறது.

டென்மார்க்கு நாட்டவர் இங்கு வந்தது 1620இல். தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு, டேனிய அரசின் சார்பில் வந்த ஓவே யெட்டே என்னும் கப்பற்படைத் தலைவர் உடன்படிக்கை செய்துகொண்டார். டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு இரகுநாத நாயக்கர் பொன்னோலையில் அனுப்பிய தமிழ்க் கடிதம் கோபனேகன் நகரின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. மிளகும் துணியும் தேடி வந்தவர்களுக்குப் பொன்னில் எழுதப்பட்ட மொழி தமிழ் என்பது நினைக்கத்தக்கது. அவ்வோலையில் மன்னர் பெயர் உண்டு. எழுத்தாணி பிடித்துப் பொன்னில் எழுதிய கையின் பெயர் இல்லை.

அரசர் தெரு

வாயிலிலிருந்து கடலை நோக்கிச் செல்வது அரசர் தெரு. அதற்கு இணையாக அரசியார் தெரு செல்கிறது. தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக உள்ளன. உயர்ந்த தூண்களும் அகன்ற தாழ்வாரங்களும் கொண்ட வீடுகள் இருமருங்கும் நிற்கின்றன. தூண்கள் ஐரோப்பிய பாணியில் அமைந்தவை. நிழலுக்காக முன்னே இழுத்த தாழ்வாரமோ இம்மண்ணின் வெயில் கற்பித்தது. சுவரைக் கட்டிய கொத்தர்களும், கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியவர்களும் இவ்வட்டாரத்து மக்களே.

இத்தெருவில் இரண்டு தேவாலயங்கள் உள்ளன. ஒன்று 1701இல் டேனியக் குடியினருக்காக எழுந்த சீயோன் ஆலயம். மற்றொன்று 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். இரண்டாவது ஆலயத்தின் முகப்பில் டேனிய மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முடியும் பெயரெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் பர்த்தொலொமேயு சீகன்பால்கு. ஜெர்மனியில் 1682இல் பிறந்த இவர், 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தம் தோழர் புளுட்சோவுடன் இக்கரையில் இறங்கினார். 1719இல் தம் 36ஆம் வயதில் மறைந்தார். இடைப்பட்ட காலம் 13 ஆண்டுகள் கூட நிறையவில்லை.

அக்காலத்துக்குள் அவர் தமிழ் கற்றார், தமிழில் பேசினார், தமிழ் இலக்கணம் ஒன்றை இலத்தீனில் எழுதினார். அது 1716இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று. 1707இல் இவ்வூரில் அவர்கள் தொடங்கிய பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கெனவும் ஒன்று இருந்தது. இவை யாவும் போற்றத்தக்கன. கல்லறையும் சிலையும் அவருக்கு உரியனவே.

ஆயின், அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் யார்? இவ்வினாவோடுதான் அத்தெருவில் நடக்கவேண்டும். முதியவரான ஒரு தமிழாசிரியர், தம் மாணாக்கரோடு அவர் இருப்பிடத்துக்கே வந்து கற்பித்திருக்கிறார். வெண்ணிறத் தோலும் வேற்று நாட்டு உடையுமாக ஒருவர், சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகிய காட்சியை அவ்வாசிரியர் கண்டிருப்பார். டேனிய வணிகக் குழுவில் துபாசியாக இருந்த அழகப்பன் என்பவர் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்தவர். சீகன்பால்குக்கு மொழியின் உட்பொருளை விளக்கியவர் அவரே. ஐரோப்பிய ஆவணங்களில் ‘அலெப்பா’ என்று திரிந்து காணப்படுகிறது அவர் பெயர். முதிய ஆசிரியருக்கோ அத்திரிந்த பெயரும் வாய்க்கவில்லை. தெருவின் இருமருங்கும் தேடினாலும் இவ்விருவருக்கும் ஒரு கல் இல்லை.

ஓலையும் தாளும்

அரசர் தெருவை விட்டு அருகிலுள்ள சந்துகளில் திரும்பினால் சீகன்பால்கு வாழ்ந்த வீடு, அச்சுக்கூடத்தின் நினைவு ஆகியவற்றைக் காணலாம். தமிழ் இலக்கிய மாணவர் நெடுநேரம் நிற்கவேண்டிய இடம் இது.

தமிழ் அச்சின் தொடக்கம் தரங்கம்பாடி என்று சிலர் கூறுவர். அது சரியன்று. தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இலேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. ஆயினும் அம்முயற்சிகள் தொடரவில்லை. 1712இல் இலண்டனிலிருந்து வந்த அச்சு எந்திரமும், 1713இல் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளும் தரங்கம்பாடியில் தொடர்ந்த அச்சுப் பணிக்கு வழிவகுத்தன. ஜெர்மனியில் வார்த்த எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. தாளோ அரிதாக இருந்தது. ஆதலால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க நேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து பாலாடைக் கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்தனர் என்று சமயப் பணி வரலாறு கூறும். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அண்மையிலுள்ள பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் முயலப்பட்டது. தமிழ் எழுத்துக்கு ஓலையிலிருந்து தாளுக்கு வந்த பயணத்தில் இவ்வூர் ஒரு சத்திரம் எனலாம்.

அச்சைவிட அரியது ஓலைத் தேட்டம். சீகன்பால்கு 1708இலேயே தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்க அட்டவணை எழுதினார். அதில் திருக்குறள், தொல்காப்பியம் முதலாக நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் இடம்பெற்றுள்ளன. உ. வே. சாமிநாதையர் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்தது இது. தம் எழுத்தர்களைப் பல நாள் வழிநடையாக உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன அந்தணர்களின் கைம்பெண்களிடமிருந்து சுவடிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிவரச் செய்ததாக அவர் எழுதியுள்ளார். இச்செய்தியைப் படித்துவிட்டு விரைந்து கடந்துபோக இயலவில்லை. கணவர் இறந்த வீட்டில், பரண்மேல் கிடந்த ஏட்டுக் கட்டை இறக்கிக் கொடுத்துச் சில காசு பெற்றுக்கொண்ட அப்பெண்கள் யாவர்? அவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் உண்டா? ஏடு போன பின் அப்பரண் எப்படி இருந்தது? தமிழ் நூல்களுக்கு ஐரோப்பியர் எழுதிய அவ்வட்டணையின் பின்னே அவ்வில்லங்களின் வறுமை நிற்கிறது.

இன்னும் ஒரு செய்தி. 1712 முதல் 1714 வரை, சமயம், வாழ்வியல், வழக்கங்கள் பற்றிச் சமயப் பணியாளர் கேட்ட வினாக்களுக்குத் தமிழர்கள் கடிதங்களாக விடை எழுதினர். அவற்றுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரணத் தமிழர் எவ்வாறு சிந்தித்தனர், எவ்வாறு வாதிட்டனர், வந்தவரை எவ்வாறு மறுத்தனர் என்பதற்கு இணையற்ற சான்று அது. ஆனால் தமிழ் மூலம் நம் கைக்கு எட்டவில்லை. எழுதியோர் பெயர்களும் நிலைக்கவில்லை. தமிழன் எழுதிய தமிழ்க் கடிதத்தை ஜெர்மனிலிருந்து மீண்டும் தமிழாக்கிப் படிக்கவேண்டிய நிலை. இதைவிடப் பெரிய இழப்பு, கடற்கரை மதில் இடிந்ததா?

சீகன்பால்குக்கும் இவ்வகை இழப்பு நேர்ந்தது என்பதையும் நடுவுநிலையோடு சொல்லவேண்டும். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய பெருநூலை ஹாலேயில் இருந்த தலைவர்கள் ஏற்கவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை விளக்கி எழுதுவதா என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் ஒன்றரை நூற்றாண்டு கிடந்து, 1867இல் சென்னையில் அச்சேறியது. பிறர் மொழியைக் கற்கச் சென்றவர், கற்றதனாலேயே தம்மவர்க்கு அயலானார்.

கோட்டை

தெரு முடியுமிடத்தில் திறந்த வெளியும் அதனை அடுத்து டேன்ஸ்போர்க் கோட்டையும் கடலை எதிர்கொண்டு நிற்கின்றன. 1620இல் தொடங்கப்பெற்ற இக்கோட்டையின் கீழ்த்தளம் சரக்கறைகளும் சிறையும் கொண்டது. மேல்தளம் ஆளுநர், வணிகர், குருமார் ஆகியோருக்கு இருப்பிடமாக இருந்தது. மிளகு மூட்டையும் சிறைக் கைதியும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தனர் என்பது வணிக ஆட்சியின் இயல்பை ஒரே பார்வையில் உணர்த்திவிடுகிறது.

இச்சிறையில் சீகன்பால்கும் 1708 இறுதி முதல் நான்கு மாதம் அடைபட்டிருந்தார். ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் தலையிட்டதால், டேனியத் தளபதியின் சினத்துக்கு ஆளானார். அவர் சிறைப்பட்ட நாள்கள் வரலாற்றில் பதிவாகியுள்ளன. அவ்வழக்குக்கு உரிய பெண் என்ன ஆனாள் என்பது கோட்டையைச் சுற்றிக் காட்டுவோர் சொல்லும் கதையில் இடம்பெறுவதில்லை.

கோட்டையின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 1845இல் டேனிய அரசு தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்றுவிட்டது. ஊரோடு ஊரார் விற்கப்பட்டனர். அவர்களை யாரும் கேட்டதில்லை. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் கப்பல்கள் அங்கே திரும்பின. மாயவரத்திலிருந்து 1926இல் தரங்கம்பாடிக்கும் ஒரு கிளைப்பாதை வந்தது. 1986இல் அதுவும் நின்றது. பின்னாளில் கோட்டை தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் இவ்வூர் நீதிமன்றத்தில் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை என்பதைத் தமிழன்பர் மறத்தல் ஆகாது. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டவர் அவர். வழக்குகளில் எளியோர் வாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, தமிழ் உரைநடைக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று கோட்டை மதில்மேல் அமர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

கோயிலும் கடலும்

கோட்டைக்கு வடபுறம் கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். டேனியர் வருவதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முன் எழுந்த இக்கோயிலின் முன்பகுதிகளைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காப்பதற்குக் கரையில் பெருங்கற்களைக் கொட்டியுள்ளனர், கோயிலும் புதுப்பிக்கப்பட்டுள்ளது.

கடல்கோளைப் பற்றித் தமிழர் பேசும்போது குமரிக் கண்டத்துக்கும் புகாருக்கும் செல்வது இயல்பு. தரங்கம்பாடியிலோ கடல்கோள் கண்ணெதிரே, ஆண்டுக்குச் சில முழம் என்ற கணக்கில் நிகழ்ந்துவந்தது. பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கடலுள் விழுந்தால், அதனோடு அதில் குறித்த நிலம், நிவந்தம், கையெழுத்திட்டோர் பெயர் அனைத்தும் போய்விடும். படியெடுத்துவைத்ததனால் சடங்கன்பாடி என்னும் பெயர் தப்பியது. கல்லும் நிலையானது அன்று. படியெடுத்த தாளே அதற்குத் துணை.

இங்கிருந்து மீனவர் குடியிருப்பு நெடுந்தொலைவில் இல்லை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியது. கோட்டை நின்றது, வலையும் கட்டுமரமும் குடிலும் அவற்றுக்கு உரியவர்களும் போயினர். சுற்றுலா வழிகாட்டிகள் கோட்டையோடு நடையை முடித்துவிடுவர். ஆற்றுப்படை நெறியில் நடப்பவரோ பரதவர் குடியிருப்பையும் கண்டு, மீன் உலர்த்தும் மகளிரிடம் ஒரு சொல் பேசி, அவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டுக்கொள்ளவேண்டும். வாடை, கொண்டல், சோழகம் என்று இலக்கியத்தில் படிக்கும் காற்றுகள் அங்கே அன்றாட வாழ்வின் சொற்கள். சங்கப் பாட்டின் நெய்தல் உரையாசிரியரிடம் மட்டும் இல்லை; வலை பின்னும் விரல்களிடமும் இருக்கிறது.

திரும்பும் வழி

உச்சிப் பொழுதில் மீண்டும் அதே வாயிலின் வழியே வெளியேறுவர். காலையில் காணாத ஓர் ஊர் இப்போது அவ்வாயிலுக்குள் இருக்கும். பொன்னோலை எழுதியவர், மணலில் அகரம் காட்டிய ஆசிரியர், ஏடு விற்ற கைம்பெண்கள், 99 கடிதம் எழுதியோர், கடன் வழக்கில் நின்ற பெண், ஆழிப்பேரலையில் போனவர் ஆகியோர் வாழ்ந்த ஊர் அது. இவர்கள் இல்லாமல் அங்குள்ள கல் ஒன்றும் எழுந்திருக்காது. தமிழ் நூல் ஒன்றும் கடல் கடந்திருக்காது.

தேவதானப்பட்டிக்கு இதனால் ஆவது என்ன? இவ்வூரின் பெயரும் ஒரு கல்வெட்டுச் சொல்லே. தேவதானம் என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலம். அந்நிலத்தை உழுதவர் யார், கண்மாய்க்குக் கரை எடுத்தவர் யார், மடை திறந்தவர் யார் என்பதை இங்குள்ள முதியோர் சிலர் இன்னும் அறிவர். திண்ணைப் பள்ளியில் எழுத்தறிவித்த ஆசிரியர்களின் பெயர்கள் சில வாய்களில் மட்டும் வாழ்கின்றன. கொடிக்காலில் பாடிய பாட்டு, அறுவடையில் வழங்கிய சொல், அருவிக்கும் ஓடைக்கும் மலைமக்கள் இட்ட பெயர் ஆகியவற்றுக்குக் கடல்கோள் வேண்டியதில்லை. ஒரு தலைமுறை கண்மூடினால் போதும்.

பத்தாண்டுகள் நூல்களைப் படித்துத் திளைத்த இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் ஒரு விடுமுறை நாள் காலையைத் தன் ஊருக்கே கொடுக்கலாம். உறுப்பினர் பத்துப் பேர், குறிப்பேடு ஒன்று, உடன் நடக்க ஒரு மூதாட்டியார், தெருத்தெருவாக அரைநாள். கேட்ட பெயரை எல்லாம் அப்படியே எழுதிக்கொண்டு வரவேண்டும். யார் சொன்னார் என்பதையும் பக்கத்தில் எழுதவேண்டும். சொன்னவரின் பெயரை விட்டுவிட்ட பிழையால்தான் தரங்கம்பாடியின் கடிதங்கள் உரிமையாளர் இன்றிக் கிடக்கின்றன.

மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் அடைத்த கதவுக்கே வழிபாடு நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாதவர் இல்லாதவர் அல்லர் என்பதை இவ்வூர் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அந்த அறிவு குறிப்பேட்டில் ஏறட்டும். அடுத்த மலரில் அப்பெயர்கள் அச்சேறட்டும்.

இவ்வட்டம் வளர்க! வாழ்க தமிழ்!